ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுந்த லிங்க்

செப்டம்பர் 11, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. வெள்ளிமலை ஜீப்பில் எப்படியோ இடம் பிடித்தேன். மடியில் அலைவரிசைகளை அளக்கும் ஸ்பெக்ட்ரம் கருவி, காலடியில் யாருடையதோ மரவள்ளிக் கிழங்கு மூட்டை.

இன்று கடைசி அளவீடு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு ட்ரோனில் ரத்தம் போக வேண்டும். எந்த அலைவரிசையில் அந்த ட்ரோனோடு பேசுவது என்று திட்டம் போடுவது என் வேலை. முதல் தடவையாக நான் தனியாகப் போடும் திட்டம்! கட்டளைக்கு 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு சேனல். கேமரா படத்துக்கு வேறு பட்டை. சிக்னலை வாங்கி மறுபக்கம் அனுப்ப, முகட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு ரிப்பீட்டர். வழி நெடுக அளந்தாயிற்று, போன வாரம் திங்கள் முதல் சனி வரை, இந்த வாரம் இன்று வரை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். யாருமே இல்லாத சேனல்.

நர்ஸ் வளர்மதி அக்கா டீ கொடுத்தார். "மழை புடிச்சா ரோட்ல மரம் வுழுந்துடுங்க மேடம். போன வருஷம் ஒரு பொண்ணுக்குப் பிரசவத்துல ரத்தம் நிக்கல. ரத்தம் எடுத்துக்கினு வந்த வண்டி பாதி மலையில நின்னுக்கினு இருந்துச்சு." அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் அவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

21ஆம் தேதி அதிகாரிகள் முன்னால் பறக்க வேண்டும். ட்ரோனோடு ரேடியோ லிங்க் அறுந்தால் திட்டத்தையே வேறு மாவட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். நேராகவே சொல்லிவிட்டார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒத்திகை. ஞாயிறு ஓ.பி. கிடையாது, ஆஸ்பத்திரி மைதானம் காலி. அப்பாவுக்குக் கோபம். "மாதா கோயிலுக்குப் பூசைக்கு வராம அப்படி இன்னா வேலை?"

பைலட் சதீஷ் ட்ரோனை ஏற்றினார். அடிவாரத்தில் எங்கள் ஊருக்கு மேலே போனதும் கட்டளை லிங்க் அறுந்தது. ட்ரோன் தானாகத் திரும்பி வந்து இறங்கியது. மறுபடி விட்டோம். அதே இடம். சதீஷ்: "மேடம், உங்க ஊரு மேல இன்னா, பேய் குந்திக்கினு கீதா?" சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

மதியம் இன்னொரு தடவை. ஒழுங்காக வெள்ளிமலை போய் வந்தது! அப்போ காலையில் என்னதான்?

செப்டம்பர் 15, திங்கள்

வெயில். தலைவலி. கருவியை ட்ரோன் அடியில் கட்டி எங்கள் ஊர் மேலே நிறுத்தினோம். சுத்தம். ஒரு புள்ளி கூட இல்லை. சதீஷ் பேட்டரியைச் சந்தேகப்படுகிறார். நான் என்னையே சந்தேகப்படுகிறேன்.

அம்மா மீன் வாங்கி வரச் சொன்னார். மறந்தேன். ரசம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!!!

காலை. இட்லி. அப்பா இன்னும் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. "நீ வரல. ஃபாதர் பிரசங்கம் இன்னா நீளம் தெரியுமா? ஆனா புது மைக்கு கணீர்னு கீதும்மா. ஒயரே இல்ல, நடந்துக்கினே பேசறாரு."

இட்லியைத் தட்டிலேயே போட்டேன். "எந்த மைக்குப்பா?"

"திருவிழாவுக்கு நான் வாங்கிக் குடுத்தேனே, அதான்."

கை கூடக் கழுவாமல் கருவியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். கோயில் கமிட்டியில் இருக்கிற அப்பா சாவியோடு பின்னால். மைக்கைப் போட்டார். திரையில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, சரியாக என் சேனல் மேலேயே! அணைத்தார், போய்விட்டது. போட்டார், வந்தது. கத்திவிட்டேன். "கோயில்ல இன்னா கூச்சல்? மாதா பாக்கறாங்க!"

தரையில் சுவரும் மரமும் மறைத்துவிடும். மேலே பறக்கிற ட்ரோனுக்கு எந்த மறைவும் இல்லை, ஊரில் இருக்கிற அத்தனையும் அதன் காதில் விழும். நானோ தரையில் அளந்தேன். அதுவும் திங்கள் முதல் சனி வரை. மற்ற ஞாயிறெல்லாம் எங்கே இருந்தேன்? பூசையில். அந்த மைக்குக்கு நேர் எதிரே, மூன்றாவது பெஞ்சில்! என்னை என்ன சொல்ல.

செப்டம்பர் 17, புதன்

புழுக்கம். சதீஷ் சொன்ன வழி: "21ஆம் தேதி ஒரு நாள் மைக்கை ஆஃப் பண்ணச் சொல்லுங்க மேடம். யாருக்குத் தெரியப்போவுது?" அப்பாவே தயார். "ஃபாதர்கிட்ட நான் பேசறேம்மா. ஒரு வாரம் சத்தமா பேசட்டும்."

ஆசையாகத்தான் இருந்தது. பாஸ் ஆகிவிடும். கைதட்டுவார்கள். அடுத்த ஞாயிறு வளர்மதி அக்கா ரத்தம் கேட்டால்? பூசை முடியட்டும் என்று சொல்வதா? எங்கள் கோயில் ஒன்றுதானா, வழியில் கல்யாண மண்டபம், கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில், எல்லா இடத்திலும் மைக் செட்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். சதீஷ் முகம் தொங்கிப்போயிற்று. திட்டத்தை முதலிலிருந்து மாற்றுகிறேன். கட்டளை ஒரே சேனலில் நிற்காது, சேனலுக்குச் சேனல் தாவிக்கொண்டே இருக்கும். இரைச்சல் உள்ள சேனலைத் தானே விட்டுவிடும். கூடவே வேறு பட்டையில் இரண்டாவது ரேடியோ. ஒன்று போனால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

செப்டம்பர் 19, வெள்ளி

புது திட்டம், முதல் பறப்பு. அப்பா கோயிலில் மைக்கோடு. விடாமல் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "ஹலோ ஹலோ" கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோய், ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டார். வேலை நாளில், பட்டப்பகலில், ஸ்பீக்கரில் ஜெபமாலை கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? கரும்பு வெட்டிய கையோடு பெண்கள் ஓடி வந்தார்கள். "இன்னாங்க, யாரு தவறிட்டாங்க?" அப்பா மைக்கிலேயே: "யாரும் சாவல! எம் பொண்ணு ட்ரோன் வுடுது!"

ட்ரோன் மேலே, திரையில் லிங்க் பச்சை. ஒரு தடவை மஞ்சள் ஆனது, தாவியது, மறுபடி பச்சை. நான் மறுபடி கத்தினேன். சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தூறல் போட்டு நின்றுவிட்டது. அதிகாரிகள் வந்துவிட்டார்கள். ரத்தத்துக்குப் பதில் தண்ணீர்ப் பைகளோடு ட்ரோன். அடிவாரத்தில் பூசை, மைக் முழுச் சத்தத்தில். போனில் அப்பா கிசுகிசுத்தார்: "பிரசங்கம் ஆரம்பிச்சிட்டாரும்மா. இன்னிக்கு இன்னும் ஜாஸ்தி."

பச்சை. வெள்ளிமலை போய்ச் சேர்ந்து, திரும்பியும் வந்தது. சதீஷ் என் தோளில் ஓங்கித் தட்டிவிட்டு, "சாரி மேடம்" என்றார். பெரிய அதிகாரி ஒருவர் இது எத்தனை ஜி என்று கேட்டார். பாஸ்!!! பிரியாணி, எல்லாருக்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இரவெல்லாம் மழை, விடிந்ததும் விட்டது. குடை ஆபீஸிலேயே. மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறது, பஸ் இல்லை, ஜீப் இல்லை.

வளர்மதி அக்கா போன். "மேடம், இந்தத் தபா தண்ணி வேணாங்க. நெஜ ரத்தம். பிரசவம். சீக்கிரம்."

சதீஷ் ரத்தப் பையை மாட்டி ட்ரோனை ஏற்றினார். ஊரைத் தாண்டியது. முகட்டுக்குப் பின்னால் போனது, கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் பச்சை. மஞ்சள். இரண்டாவது ரேடியோ பிடித்தது. மாதாவே மாதாவே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சை. இறங்கியது என்று திரை காட்டியது. நான் திரையை நம்பவில்லை, போன் போட்டேன்.

"அக்கா, வந்துச்சா? பை நல்லா இருக்கா? அந்தப் பொண்ணு எப்படி—"

"வந்துச்சு, வந்துச்சு. ஏத்திக்கினு கீறேன். போனை வைங்க மேடம்."