புல்தரையில் முளைத்த கருவேலம்

என்னைப் பெத்த ஆத்தா,

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். உச்சிப்புளி ரிசார்ட்டில் நீ குனிந்து குனிந்து களை பிடுங்கிய புல்தரை நாசமாய்ப் போச்சு. கண் குளிரப் பார்த்துவிட்டு வந்தேன்.

"ஆடும் மேயக் கூடாது, ஆளும் மிதிக்கக் கூடாது. அப்புறம் எதுக்குடி அந்தப் புல்லு?" என்று கேட்டுக்கொண்டேதான் வேலைக்குப் போவாய். தங்க வருகிறவர்கள் கடலைத்தான் பார்க்கிறார்கள். மேனேஜருக்கோ ஒரு கோரை தலைநீட்டக் கூடாது. உச்சி வெயிலில் நீ மயங்கிச் சாய்ந்தபோது அவர் என்ன சொன்னார்? "ஏம்மா, புல்லுல படுக்காத, தடம் விழும்." உன்கூட வேலை பார்த்த காளியம்மா மதினிதான் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாய். கருமாதிக்குக்கூட அந்த ஆள் எட்டிப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது ஆத்தா, இன்னும் எரிகிறது.

போன கோடையில் அவரே நம் ஆட்டுக்கொட்டிலுக்கு வந்தார். நான் யார் மகள் என்று அவருக்குத் தெரியாது. "புல்லு வெளுத்துப்போச்சும்மா, ஆட்டெரு வேணும். இன்னைக்கே வேணும்."

கோடை முழுக்க நம் ஆடுகள் தின்றது கருவேல நெற்று. புழுக்கையில் விதை முழுசாக வரும்; மக்க வைக்காமல் போட்டால் முள்ளுக்காடுதான். நம் ஊரில் யாருக்கு இது தெரியாது? "அள்ளிக்கங்க சார்" என்றேன். மக்க வைக்கணும் என்பதை மட்டும் சொல்லவில்லை. இதைக் கேட்டு நீ சிரிப்பாயா, திட்டுவாயா?

ஐப்பசி மழைக்குப் பிறகு பார்க்கணுமே! புல்லைவிடக் கருவேலங்கன்றுதான் அதிகம். பிடுங்கினால் அடிவேர் நின்று மறுபடி தழைக்கிறது. களையெடுக்க ஒரு பொம்பளையும் போகவில்லை, மதினி விடவில்லை.

எரு வாங்கிய பழக்கத்தில் நேற்று மேனேஜர் நம் வாசலில் வந்து நின்றார். "ஆள் கூட்டிட்டு வாம்மா, என்ன கேட்டாலும் தர்றேன். என் வேலையே போயிரும்."

"காசு வேணாம் சார். உள்ள எங்க ஆத்தா படம் இருக்கு. அங்கன நின்னு அவ பேரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க, வாரேன்."

படத்தைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. கை கூப்பினார். வாயைத் திறந்தார், மூடினார். திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் வேலை வாங்கியவருக்கு உன் பேர் தெரியவில்லை, ஆத்தா.

நான் சொல்லித் தரவில்லை. அவரே நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு வரட்டும். அதுவரை அங்கே ஒரு கன்றைக்கூடப் பிடுங்க மாட்டேன், எவளையும் பிடுங்க விடமாட்டேன். உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
முத்துராக்கு மகள் பஞ்சவர்ணம்