அம்மாவாக உட்காரச் சொன்ன வைதேகிக்கு

சைதாப்பேட்டை,
புதன்கிழமை.

அன்புள்ள வைதேகிக்கு,

சித்தி எழுதுகிறேன். உன் அம்மா சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள். புனேயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

தை பிறந்ததும் செந்தில்குமார் வீட்டார் பெண் கேட்டு வரும்போது, உன் அம்மாவின் இடத்தில் நான் உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். "போட்டோல பாத்த அதே மூஞ்சிதானே சித்தி, யாருக்குத் தெரியப் போவுது" என்கிறாய். நானும் உன் அம்மா ஜோதியும் இரட்டையர், அச்சு அசல் ஒரே முகம். அதனால்தான் உனக்கு இந்த யோசனை. என்னால் முடியாது.

உன் பயம் எனக்குப் புரிகிறது. அம்மாவுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று தெரிந்தால், பெண்ணுக்கும் வரும் என்று பின்வாங்குவார்கள். உனக்குள்ளும் அதே பயம்தான். அதை உனக்கு முன்னால் நான் பட்டாகிவிட்டது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. அடுத்தது நான்தான் என்றிருந்தேன். மின்விசிறிச் சத்தத்தில் யாராவது என் பெயரைச் சொல்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்பேன். எனக்கு வரவே இல்லை.

போன வாரம் டாக்டரம்மாவிடம் உனக்காகக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. பரம்பரையில் வரக்கூடியதுதான், ஆனால் ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லை, பல சேர வேண்டும், வாழ்க்கையில் படுவதும் சேர வேண்டும் என்றார். எங்களைப் போல ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்குப் பாதிதானாம். தாய்க்கு இருந்தால் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு வரலாம். உனக்கு வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன், வந்தாலும் வைத்தியம் இருக்கிறது என்றார்.

முகம் ஒன்று என்பது ஞாபகம் இருக்கிறது, ரத்தமும் ஒன்று என்பதை மறந்துவிட்டாயே பெண்ணே. அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் காட்டு. ஆனால் அதற்கு முன் செந்தில்குமாரிடம் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு. கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கேட்டுவிட்டுப் போகிறவன் போகட்டும்.

இன்னொன்று. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், அம்மா கேட்டுவிட்டாள். பிறகு, "நான் குத்துக்கல்லாட்டம் இங்க கீறேன், நீ இன்னாத்துக்கு எனக்குப் பதிலா?" என்றாள். அவர்கள் காபி குடிப்பார்களா, டீயா என்றும் கேட்டாள். மாத்திரையால் கை நடுங்குகிறது அல்லவா, டம்ளர்களில் பாதி தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்துக்கொண்டு, சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்து பழகுகிறாள். உன் அப்பா போன பிறகு அவள் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

ஆகவே நாங்கள் முடிவு செய்துவிட்டோம். நேற்று தி.நகர் போய் ஒரே நிறம், ஒரே கரையில் இரண்டு புடவை எடுத்து வந்தோம். அன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். நான் வாயைத் திறக்க மாட்டேன். இதில் யார் உன் அம்மா என்று நீதான் கையைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

சொல்வாய். நன்றாக இருப்பாய், கண்ணு.

என்றைக்கும் சித்தியாகவே இருக்கும்,
ஸ்வர்ணலதா