கால் நீட்ட இடம்

அன்புள்ள உங்களுக்கு,

"உனக்கெதுக்கு சிரமம், நான் தம்பி வீட்டுக்கே போயிடறேன்" என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொன்னீர்கள். இன்று போய்ச் சக்கர நாற்காலி வாங்கிவிட்டேன்.

முழங்கால் மடங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், காலை உயர்த்தி நீட்டிவைக்கும் தாங்கி உள்ளதாகக் கேட்டேன். அளவுக்கு உங்கள் பழைய பேண்ட்டைக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரப் பெண் அதை உதறிப் பார்த்தாள்.

"என்னக்கா, உள்ள காலையே காணோம்?"

"கால் ஆஸ்பத்திரியில கட்டோட இருக்கு. பேண்ட்டுல முட்டி புடைச்சிருக்கு பாருங்க, அங்கேருந்து கீழ வரைக்கும் அளந்துக்கோங்க."

"சார் நல்ல உயரம். நீங்க உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். மேகத்தில் மிதப்பதுபோல இருக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அப்படியொன்றும் இல்லை. ஆனால் வலிக்காது என்று தோன்றியது.

வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். தாங்கியை நீட்டினால் உங்கள் அறையில் நாற்காலி திரும்பவே மாட்டேன் என்கிறது. அலமாரியை நகர்த்தியும் பயனில்லை. என் அறைதான் பெரிது. உங்கள் குறட்டையைச் சாக்கிட்டு நான் அங்கே தனியாகப் படுக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. குறட்டை மட்டும் காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்து, உங்கள் கட்டிலை என் அறைக்கு மாற்றிவிட்டேன். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நாற்காலி நிற்க மட்டும் இடம் விட்டிருக்கிறேன். கால் சரியானதும் நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடலாம். அந்த இடத்தை என்ன செய்வது என்று அப்போது பேசிக்கொள்வோம்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து நான்