பணம் வந்ததா என்று கேட்டவனுக்கு

கடைக்கு இன்று புதுக் கண்ணாடிக் கதவு போடுகிறார்கள். சட்டத்தின் ஓரத்தில் மாவு போலப் பிசைந்து அப்பும் புட்டியின் எண்ணெய் வாசனை அறை முழுக்க நிற்கிறது. "கை வெச்சுப் பாருங்கண்ணா, ஆடுதுங்களா?" என்றார் கண்ணாடிக்காரர். என்னால் கை வைக்க முடியவில்லை. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இதே வாசனை அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான், இதே வாசலுக்கு வெளியே, காதைப் பொத்திக்கொண்டு நீ நின்றாய். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. அடித்தவன் நான்.

இப்போது இது நூல் கமிஷன் கடை. அப்போது ஷேர் கடை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்த அறையைப் பிடித்து, ஒரு பெரிய புரோக்கருக்குக் கீழே ஷேர் வாங்கி விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குன்னத்தூரில் விவசாயம் பார்த்த குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டை கசங்காமல் வேலை பார்த்தவன் நான்தான். நீ விளாத்திகுளம் பக்கத்துக்காரன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதினாய். நம் இருவருக்கும் ஒரே வயது. ஞாயிறு சர்ச் முடிந்ததும் நேரே இங்கே வருவாய். எனக்கு வரும் கம்பெனி ஆண்டறிக்கைகளை, மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பதுபோல், காலை ஆட்டிக்கொண்டே படிப்பாய்.

செல்போன் அப்போதுதான் எல்லார் கைக்கும் வரத் தொடங்கியிருந்தது. அந்தப் பெரிய தொலைபேசி நிறுவனத்தின் பெயர் இல்லாத சுவர் ஊரில் இல்லை. அதன் ஷேர் ஏறிக்கொண்டே இருந்தது. என் பேச்சை நம்பிப் பலர் வாங்கினார்கள். நானும் அப்பாவிடம் சண்டை போட்டு, தோட்டத்தில் பாதியை விற்று அதிலேயே போட்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பனியன் பெட்டி அட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அந்த நிறுவனத்தின் ஐந்து ஆண்டறிக்கைகளிலிருந்து, ரொக்கம் வந்ததையும் போனதையும் காட்டும் பணவரத்துப் பக்கத்தை மட்டும் வெட்டி, வரிசையாக அதில் ஒட்டியிருந்தாய். சிவப்புப் பேனாவால் வரிக்கு வரி கோடு போட்டிருந்தாய்.

"ஏலே, இங்க பாரு. லாபம் வருஷா வருஷம் ஏறுது. ஆனா யாவாரத்துல கைக்கு வந்த பணம் வருஷா வருஷம் இறங்குது. கடைசி ரெண்டு வருஷம் வரவே இல்ல, வெளியதான் போயிருக்கு."

"ஊரெல்லாம் டவர் கட்டறாங்கப்பா. செலவு இருக்குமல்ல?"

"டவர் செலவு கீழ தனியா இருக்கு. நான் சொல்லுதது அதுக்கு மேல. ரீசார்ஜ் கார்டை அச்சடிச்சி ஏஜென்டு தலையில கட்டிட்டு, வித்தாச்சின்னு எழுதுதான். ஏஜென்டு பணம் தரல. அந்தப் பாக்கிதான் பெருத்துக்கிட்டே போவுது. உங்களுக்குக் கொடுக்கிற டிவிடெண்டைக்கூடக் கடன் வாங்கித்தான் கொடுக்கான்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"எங்க மொதலாளியும் சரக்கு கப்பல் ஏறின அன்னைக்கே லாபம்னு எழுதிரலாம். வெளிநாட்டுக்காரன் பணம் அனுப்பாம சனிக்கிழமை சம்பளம் போட முடியுமா? லாபம் எவ்வளவுன்னு கேக்காதலே. பணம் வந்துச்சான்னு கேளு."

உன்னை அனுப்பிவிட்டு அந்த அட்டை சொன்னதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை. அதன் பிறகு உன்னைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் மங்கலத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். தன் விசைத்தறிகளில் இரண்டை விற்ற பணம் மடியில் இருந்தது. அறையில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "ஏனுங்க தம்பி, இதுல போட்டாப் பயமில்லீங்களே?" என்று அவர் கேட்டபோது நீ உள்ளே வந்தாய்.

"போடாதீங்கய்யா" என்று சொல்லி, அந்த அட்டையை அவர் முன்னால் மேசையில் வைத்தாய்.

அத்தனை பேரும் எழுந்து அட்டையைச் சூழ்ந்தார்கள். ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைத்திருந்தால் கத்தியிருப்பேன், அவ்வளவுதான். நீ சொல்வது சரி என்று தெரிந்ததால்தான் அடித்தேன். முதல் அறை உன் இடது காதோடு விழுந்தது. நீ இரும்பு பீரோவில் போய் மோதினாய். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இன்றுவரை யாரிடமும் சொல்லாதது அது. சட்டையைப் பிடித்து நிமிர்த்தி, அதே காதில் மறுபடி அறைந்தேன். மூன்றாவது முறை முஷ்டியால் குத்தினேன்.

"உன் பணத்துக்கும் சேத்துதாம்லே சொல்லுதேன்" என்றாய். நீ கையை ஓங்கவே இல்லை.

அட்டையைக் கிழிக்கப் பார்த்தேன். தடித்த அட்டை, கிழியவில்லை. காலால் மிதித்தேன். உன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். முந்தின நாள்தான் மாட்டிய கதவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ காதைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு போய்விட்டாய். தறிக்காரர் சற்று யோசித்தார். "சரீங்க தம்பி, நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று பணத்தை எடுத்து வைத்தார்.

உன் காது ஜவ்வு கிழிந்து, அந்தப் பக்கம் கேட்கவே கேட்காது என்று ஆனதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தாய். ஒரு வருடத்துக்கு மேல் நாம் பேசிக்கொள்ளவில்லை. ஒருமுறை கடைவீதியில் எதிரே வந்தாய். நான் சந்தில் திரும்பிவிட்டேன்.

பிறகு நீ சிவப்புக் கோடு போட்டதெல்லாம் செய்தித்தாளில் வந்தது. ஏஜென்டுகளிடமிருந்து வரவேண்டியதாகக் காட்டிய பணம் வரப்போவதே இல்லை. கடன் கொடுத்த வங்கிகள் நெருக்கின. ஷேர் நாள்தோறும் சரிந்து, ஒரு காலையில் வாங்க ஆளே இல்லாமல் நின்றது. தோட்டம் போய்விட்டது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். மணி பதினொன்று இருக்கும்.

கதவு வெடித்து உள்ளே விழுந்தது. கையில் இரும்புக் கம்பியோடு தறிக்காரர். பின்னால் அவருடைய மச்சினனும் உறவுக்காரர்களும். என் தலைமுடியைப் பிடித்து, உடைந்த கண்ணாடி மேலேயே இழுத்துத் தெருவில் போட்டார்கள். முழங்கால் இரண்டும் கிழிந்தன. விலாவில் விழுந்த உதைகளில் மூச்சு நின்று நின்று வந்தது. "என்ற தறிய வித்துக் குடுத்தனேடா! பயமில்லைன்னியேடா!" என்று கத்திக்கொண்டே தறிக்காரர் கம்பியால் என் தோளில் அடித்தார். எலும்பு முறிந்ததை நானே கேட்டேன். சுற்றி நின்ற கூட்டத்தில் யாரும் அசையவில்லை.

நீ வங்கி வேலையாக அந்தப் பக்கம் வந்திருக்கிறாய். மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு பேரைத் தள்ளி, எனக்கு மேலே குறுக்கே நின்றாய்.

"இவன் அப்பன் தோட்டமும் இதுலதான்யா போச்சி! ஆளைக் கொன்னா பணம் வந்துருமா?"

தறிக்காரர் உன் முகத்தைப் பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது. கம்பி கீழே இறங்கியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் கூட்டத்திலிருந்து மச்சினன் ஒரு கட்டடக் கல்லைத் தூக்கிக்கொண்டு பாய்வதைக் கண்டேன்.

"குனிடா! பக்கத்துல பாரு!" என்று அலறினேன்.

என் தலை கிடந்தது உன் இடது பக்கம். கல் வந்ததும் இடது பக்கம். கூச்சலுக்கு நடுவே என் குரல் உனக்கு எட்டவில்லை. நீ தறிக்காரரைப் பார்த்தபடியே நின்றாய். கல் உன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. நீ என் மேல் விழுந்தாய். உன் கண் திறந்துதான் இருந்தது.

தறிக்காரர் கம்பியைப் போட்டுவிட்டு ரோட்டில் உட்கார்ந்து தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். "ஐயோ சாமி, இவரு அன்னிக்கே போடாதீங்கன்னு சொன்னாருங்களே!"

கோவை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய். பேசாமலே போய்விட்டாய்.

வழக்கில் சாட்சி சொன்னேன். கல்லால் அடித்தது யார், எந்தப் பக்கமிருந்து பாய்ந்தான் எல்லாம் சொன்னேன். மச்சினன் ஜெயிலுக்குப் போனான். உன் காது எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று அறையில் இருந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வருடம் கழித்து உன் மனைவியைப் பார்க்கப் போனேன். நீ வேலை பார்த்த கம்பெனியிலேயே பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலையில் இருந்தார்கள். வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று அடியையும் சொன்னேன். நான் கத்தியது உனக்குக் கேட்காமல் போனது ஏன் என்பதையும் சொன்னேன்.

அவர்கள் அழவில்லை. "தெரியும்ணே" என்றார்கள். "அன்னைக்கு வந்ததுமே எங்கிட்ட சொல்லிட்டாவ. படியில விழுந்தேன்னு எல்லார்ட்டயும் சொல்லச் சொன்னதும் அவியதான். நீங்களா வந்து சொல்லுவீயளான்னு இத்தன வருஷமா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"அவிய மன்னிச்சிருப்பாவ. என்னால முடியலண்ணே." பிறகு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "வெயில்ல வந்திருக்கீய. குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நீ போன நாளில் அங்கே போகிறேன். மன்னிப்பு கேட்பதில்லை, அவர்களும் எதுவும் சொல்வதில்லை. தண்ணீர் கொடுப்பார்கள், நின்றபடியே குடிப்பேன், செம்பைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்புவேன். இந்த வருடமும் போனேன்.