வளைவில் வரும் சத்தம்

பெப்ரவரி 11, 2025

நிலாவெளியில் இன்று மானம் போனது. விடுதிக்காரரின் படகை ட்ரெயிலரில் ஏற்றிக் கரையிலிருந்து இழுக்கப் பார்த்தேன். பாதி வழியில் பிக்கப் திணறி நின்றுவிட்டது. கிளச் எரிந்த மணம். படகு பின்னோக்கி வழுக்கியபோது நான்கு பேர் ஓடி வந்து பிடித்தார்கள். கொஞ்சம் தவறியிருந்தால் ஒருவருடைய கால் நசுங்கியிருக்கும். பெரிய ரயர் போட்ட நாளிலிருந்தே இந்தத் திணறல். இனிப் பொறுக்க ஏலாது.

பெப்ரவரி 14

சீனக்குடாவில் ஸஜ்ஜாத்தின் கராஜுக்குப் போனேன். பின் அச்சுக்குள் இருக்கும் டிப்பரன்சலின் பல்லுகளை மாற்றினால் வண்டி மெதுவாக ஓடும், ஆனால் மாடு மாதிரி இழுக்கும் என்றார். புதுச் செற் கிடைக்காதாம். கந்தளாயில் பழைய வண்டிகளை உடைத்து உதிரிப்பாகம் விற்கும் பஹ்மியிடம் பழைய அச்சு ஒன்று கிடக்கிறதாம்.

பல்லை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். சிரித்தார். கிறவுண் வீல் என்ற பெரிய பல்லுச் சக்கரமும் பினியன் என்ற சின்னதும் ஒன்றாகவே வரவேண்டும், ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை, பிரித்தால் சேராது என்றார். அவற்றோடு பெயாரிங் எல்லாம் புதிது, ஒயில் சீல் புதிது. இறுக்கும்போது நசுங்கி அளவுக்கு வரும் ஒரு சின்ன வளையம் - அதுவும் ஒருமுறைக்குத்தான். போல்ட், கஸ்கட், ஒயில். அந்த ஒரு சோடி மட்டும்தான் இன்னொரு வண்டியுடையது, மற்றதெல்லாம் புதிது.

மார்ச் 3

பூட்டியாயிற்று. ஸஜ்ஜாத் பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றி, எங்கே படுகிறது என்று காட்டினார். இத்தனை வருடம் வெயிலில் கிடந்தும் துருவில்லை. ஒயிலுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. பல்லின் ஒரு பக்க முகத்தைத் தடவிப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, மூடியை எடுத்துப் பூட்டினார்.

மீற்றர் இனிப் பொய் சொல்லும், உண்மை வேகத்தைவிடக் கூடக் காட்டும், அதை நம்பவேண்டாம் என்றார்.

மார்ச் 5

நிலாவெளியில் அதே படகு, அதே மணல். ஒரே இழுவை. என் மனுசன் நிசாந்துக்குப் படம் அனுப்பினேன். டோஹாவில் வேலை நேரம், பதில் இல்லை.

மார்ச் 9

கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர் தாண்டி, முதல்முறை கட்டைபறிச்சானுக்குப் போனேன். அங்கிருந்து மூன்று படகுகளைத் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் திருத்தக் கொண்டுவர வேண்டும்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு நீண்ட வளைவு. ஆக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் - வாயை மூடிக்கொண்டு யாரோ ஒரு சொல்லைச் சொல்ல முயல்வதுபோல. காலை வைத்ததும் நின்றது.

வளைவின் முடிவில் கேற் திறந்த ஒரு வீடு. வாசலில் ஒரு பெண் நின்றா. என் முகத்தைப் பார்க்கவில்லை. பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

மார்ச் 10

காலையில் நிலாவெளி வீதியில் வேண்டுமென்றே பத்துத் தடவை காலை எடுத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை.

மார்ச் 16

இரண்டாவது படகு. வளைவில் சத்தம். அந்தப் பெண் வாசலில். இந்த முறை ஈரக் கையோடு. குசினியிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும். நான் வளைவுக்குள் வரும் முன்பே எப்படி வந்தா?

கண்ணாடியில் பார்த்தேன். வீதி நடுவில் இறங்கி நின்றா. கை தூக்கவில்லை, கூப்பிடவில்லை.

மார்ச் 19

ஸஜ்ஜாத்தை ஏற்றிக்கொண்டு போனேன். சீனக்குடா, கிண்ணியா, மூதூர் - வண்டி வாய் திறக்கவில்லை. உங்களுக்குப் பிரமை அக்கா என்றார். வளைவு வந்தது. காலை எடுத்தேன்.

ஸஜ்ஜாத் பாட்டை நிற்பாட்டினார். பிறகு சொன்னார்:

“பல்லுக்கு ரெண்டு முகம் அக்கா. இழுக்கிறது ஒண்டு. காலை எடுத்தா வண்டியைப் பிடிக்கிறது மற்றது. இந்த செற்றில ரெண்டாவதுதான் தேய்ஞ்சிருக்கு. இதை ஓட்டினவர் ஒரே இடத்தில காலை எடுத்து எடுத்து ஓடியிருக்கிறார்.”

அப்படியென்றால் ஏன் மற்ற இடங்களில் சத்தம் இல்லை என்று கேட்டேன். தலையை வெளியே நீட்டிப் பின் சக்கரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து ஸலாம் சொல்லவும் மறந்துபோனார்.

மார்ச் 23

அந்த வாசலில் வண்டியை நிற்பாட்டினேன். வேறென்ன செய்ய?

பெயர் ராசமலர். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் குங்குமம். கிட்டே வந்தவ என்னோடு பேசாமல் வண்டியைச் சுற்றி வந்தா. குனிந்து, பின் அச்சின் குண்டுப் பகுதியில் உள்ளங்கையை வைத்தா. ஓடி வந்த சூடு - நான் தொட்டால் கை வெந்துவிடும். அவ எடுக்கவில்லை.

“நிறம் வேற. ஆனா சத்தம் மதிசுதன்ட,” என்றா.

மதிசுதன் அவவுடைய கணவர். பத்து வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் கழிந்து, மீன் ஏற்றிய பிக்கப்போடு திருகோணமலைக்குப் போனவர். வரவில்லை. வண்டியும் வரவில்லை. பொலிஸ், ஆஸ்பத்திரி, சாத்திரி எல்லாம் பார்த்தாயிற்றாம். மட்டக்களப்பிலிருந்து தங்கை வந்து கூப்பிட்டும் இவ போகவில்லை. வந்தால் வீடு தெரியவேணுமே என்றா.

“வளைவில காலை எடுப்பார். அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பன்.”

இது வேறு வண்டி, உள்ளேயிருக்கும் பல்லு மட்டும்தான் பழையது என்று விளக்கினேன். தலையாட்டினா. பிறகு என் கையைப் பிடித்தா. அந்தக் கை இன்னும் சூடாக இருந்தது.

“குடுத்தவனைக் கேளுங்கோ பிள்ளை. வண்டி கிடந்த இடத்திலதான் அவரும் கிடப்பார். எலும்பெண்டாலும் கிடைச்சாப் போதும்.”

மார்ச் 24

நித்திரை இல்லை. எனக்கேன் இந்த வேலை? ஒரு பல்லை மாற்றப் போய் யாரோ ஒருவருடைய பிணத்தைத் தேடுகிறேன்.

மார்ச் 28

கந்தளாய். அந்த அச்சு வந்த வண்டி பஹ்மிக்கு உடனே ஞாபகம் வந்தது. குளத்தில் எடுத்ததா, காட்டில் எடுத்ததா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆள் தானே ஓட்டிக்கொண்டு வந்தாராம். பத்து வருடத்துக்கு முந்தி, மே மாத வெசாக் பண்டிகைக்குக் கூடு கட்டியிருந்த கிழமை. முழு வண்டியையும் உடைக்கத்தான் வேண்டும், ஓட்டுறவருக்கு விற்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றாராம். அதனால்தான் மறக்கவில்லை. என்ஜின் இறக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாராம். வெளியே ஒரு ஓட்டோவில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும்.

அந்த ஆளுக்கு இடக்கை மோதிர விரல் பாதிதான் இருந்தது என்றார்.

வெசாக். பொங்கல் கழிந்து நான்கு மாதம்.

மார்ச் 29

மதிசுதனுக்கு இடக்கையில் பாதி விரல். படகுக் கயிறு அறுத்தது. ராசமலரக்கா அடையாளமாக அன்றைக்கே சொன்னவ. அதை இங்கே நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை.

செத்தவர் கூப்பிடுகிறார் என்று நினைத்துத்தானே பயந்தனான். இப்ப அதைவிடப் பயமாக் கிடக்கு. உயிரோடு இருக்கிற மனுசன், தன்ர சத்தம் எங்கேயும் கேட்கக்கூடாது எண்டு நிண்டு உடைச்சிருக்கிறான். அது போய் வீட்டு வாசலில கேட்குது.

ஏப்ரல் 2

நிசாந் டோஹாவிலிருந்து கோல் எடுத்தார். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். “அறையிலதான், வேறெங்க?” என்று சிரித்தார். பின்னால் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். அறையில் இருப்பவர்கள் போய் வருவார்கள்தானே.

ஏப்ரல் 6

மூன்றாவது படகு. சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் புறப்பட்டேன். தெரியாது என்றால் அவ காத்துக்கொண்டே இருப்பா. கண்டுபிடிக்கவில்லை என்றால் எலும்பைத் தேடிக்கொண்டே இருப்பா. எதைச் சொன்னாலும் அந்தக் கேற் திறந்தே கிடக்கும்.

சொன்னேன். எல்லாவற்றையும். ஓட்டோவையும்.

முடிந்ததும் ஒரே கேள்வி.

“வண்டியை உடைக்கேக்க பாத்துக்கொண்டோ நிண்டவர்?”

“ஓம் அக்கா.”

எழுந்து போய் கேற்றைப் பிடித்தா. அது வருடக்கணக்கில் மணலில் புதைந்து, கொடி ஏறிக் கிடந்தது. நானும் போய்ப் பிடித்தேன். இருவருமாகத் தூக்கிச் சாத்தினோம். நான் வெளிப்பக்கம் நின்றேன்.

ஏப்ரல் 20

வேலை இல்லாமலே அந்தப் பக்கம் போனேன். சத்தம் வந்தது. கேற் சாத்தியிருந்தது. யாரும் வரவில்லை.

மே 11

வேறு செற் போட்டுத் தரவா என்று ஸஜ்ஜாத் கேட்டார். வேண்டாம் என்றேன். பாரம் இழுக்கிறது, அது போதும். அது மட்டும்தானா காரணம்?

ஜூன் 8

ராசமலரக்கா கைபேசியில் எடுத்தா. தங்கை வீட்டுக்குப் போகிறாவாம், மூதூரில் பஸ் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டா. ஒரு பெட்டி, ஒரு பை. குங்குமம் அப்படியேதான் இருந்தது.

புறப்பட்டதும் பேசத் தொடங்கினா. தங்கையின் மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் நல்ல சனம். வளைவு வந்தது. இந்த முறை காலை எடுக்கக்கூடாது என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்தேன். கால் தானாக எழுந்தது.

சத்தம் வந்தது. முன்னெப்போதையும்விடக் கூட, என் ஆசனம் அதிர்ந்தது. மூடிய வாய்க்குள் அந்தச் சொல், இன்னும் கொஞ்சம் விட்டால் சொல்லிவிடும்போல.

அவ கதையை நிறுத்தவில்லை. மாப்பிள்ளைக்கு இரண்டு தங்கைகளாம்.

“அக்கா, கேட்டதோ?” என்றேன்.

என் பக்கம் திரும்பினா. முகத்தில் ஒன்றும் இல்லை.

“என்ன சத்தம் பிள்ளை?”

சத்தம் என்ற சொல்லை நான் சொல்லவில்லை.

காலை அழுத்தி வைத்தேன்.