எட்டாவதாகப் படிக்க வேண்டிய பிள்ளை

அனுப்புநர்
குராமொச்சி மிட்சுயோ,
குராமொச்சி முடிதிருத்தகம்,
துறைமுகச் சாலை,
ஹமாசுகி.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
நகரக் கல்விக் குழு,
ஹமாசுகி.

பொருள்: கமினே தொடக்கப்பள்ளி – இரண்டாம் வகுப்பு – 'வளர்ந்து வந்த நான்' புத்தக வாசிப்பு நிறுத்தப்பட்டது – ஆண்டு நிறைவு நாளுக்குள் நடத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நானும் என் கணவர் தெய்ஜியும் துறைமுகச் சாலையில் முடிதிருத்தும் கடை நடத்திவருகிறோம். தங்கள் அலுவலகத்தார் பலர் எங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குழந்தைகள் நல அலுவலகத்தின் வழியாக ஹொனாமி என்ற சிறுமி தன் நான்காம் வயதில் எங்களிடம் வளர வந்தாள். பள்ளிப் பதிவில் எங்கள் குடும்பப் பெயரில்தான் இருக்கிறாள். வளர்ப்புப் பிள்ளை என்பது பள்ளிக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இப்போது அவள் இரண்டாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். அவள் பொருட்டே இந்த மனு.

1. இரண்டாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன்னைப் பற்றி ஒரு புத்தகம் செய்வது தாங்கள் அறிந்ததே. கைக்குழந்தைப் படம், பிறந்த எடை, பெயர் வைத்தவர் யார், முதலில் நடந்தது எப்போது என்று வீட்டில் கேட்டு எழுதி, துளையிட்டு, கயிறு கோத்து, பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் நாள்களில் அந்த ஆண்டின் கடைசியானதில் கரும்பலகைக்கு முன் நின்று படிப்பார்கள். முன்னந்தலை வழுக்கை விழுந்துவிட்ட என் வாடிக்கையாளர் ஒருவர் தாம் அன்று படித்த எடையை இன்றும் கிராம் பிசகாமல் சொல்வார். இந்தப் பாடத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

2. பிப்ரவரித் தொடக்கத்தில் அதற்கான குறிப்புகளும் படமும் கேட்டு வீட்டுக்குத் தாள் வந்தது. ஹொனாமியின் நான்கு வயதுக்கு முந்தைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எடை தெரியாது. பெயரை யார் வைத்தார்கள் என்பதும் தெரியாது. இதை வகுப்பாசிரியை நெசு அவர்களுக்கு எழுதித் தெரிவித்தேன். அன்று மாலையே கடை வாசலுக்கு வந்து, குனிந்த தலை நிமிராமல் மன்னிப்புக் கேட்டார். வேலைக்கு வந்து இரண்டு ஆண்டு ஆன இளம்பெண். பரவாயில்லை, அவளுக்குத் தெரிந்த விதத்தில் அவளே செய்துகொள்வாள் என்றேன். இன்னும் குனிந்தார். உண்மையிலேயே பரவாயில்லை என்றேன். அதற்கும் குனிந்தார்.

3. அவள் செய்துகொண்டாள், ஐயா. மற்றப் பிள்ளைகள் பிறந்த கதையைக் கேட்ட நேரத்தில் அவள் வந்த கதையைக் கேட்டாள். "அத்தை, நான் வந்தன்னைக்கு எப்படி இருந்தேன்?" என்றாள். கால் அளவைவிடப் பெரிய சிவப்பு மழைக்காலணி போட்டுக்கொண்டு வந்தாய், கழற்ற மாட்டேன் என்று அதோடேயே படுக்கையில் ஏறினாய் என்று சொன்னேன். தெய்ஜி தம் பங்குக்கு, "நாற்காலிய எவ்வளவு ஒசத்தினாலும் கண்ணாடில உன் நெத்தி மட்டும்தான் தெரிஞ்சுது. மிச்சம் பிள்ளை எங்கேன்னு தேடினேன்" என்றார். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இரண்டையும் எழுதிக்கொண்டாள். முதல் பக்கத்தில், படம் ஒட்டும் கட்டத்துக்குள் சிவப்புக் காலணி வரைந்தாள். எடை எழுதும் இடத்தில், 'வந்த அன்று கண்ணாடியில் தெரிந்தது: நெற்றி. இப்போது தெரிவது: தோள் வரைக்கும்' என்று எழுதினாள். அந்த மாதம் முழுக்க, கடைக்கு வந்த யாரும் அந்த முதல் பக்கத்தைக் கேட்காமல் தப்பித்துப் போகவில்லை.

4. மார்ச் முதல் தேதி பள்ளியிலிருந்து எல்லா வீடுகளுக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. 'பல்வேறு குடும்பச் சூழல்களைக் கருத்தில் கொண்டு' இவ்வாண்டு புத்தக வாசிப்பு நடைபெறாது என்றும், பெற்றோர் வரும் நாளில் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள் என்றும் அதில் இருந்தது. எவர் பெயரும் இல்லை. இருபத்தாறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் பெயர் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அடுத்த நாள் முன்முடி வெட்டிக்கொள்ள வந்த ஒரு தாய், கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காகத்தான் நிறுத்திட்டாங்களாமே மிட்சுயோக்கா. நல்லதாப் போச்சு, பாவம் அந்தக் குழந்தை" என்றார். கத்தரி என் கையில் இருந்தது. முன்முடியைக் கோணாமல் வெட்டி அனுப்பினேன். என் பொறுமைக்குச் சான்றாக இதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

5. எட்டாம் தேதி நாங்கள் எல்லோரும் வகுப்பின் பின்புறம் நின்று வாய்ப்பாடு கேட்டோம். ஹொனாமி ஏழாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொன்னாள். முடிந்து வெளியே வரும்போது, அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்காரும் ரிக்குத்தோ, "உனக்குப் பாப்பா போட்டோ இல்லன்னுதான் எங்களுக்கும் கிடையாதாம்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. தாயின் வயிற்றுக்குள் இருந்தபோது எடுத்த தன் படத்தை ஒட்டி, ஒரு மாதம் படித்துப் பழகியவன். வீட்டில் காதில் விழுந்ததைச் சொன்னான். சாப்பாட்டு நேரத்தில் ஹொனாமி புத்தகத்தை எடுத்துவந்தாள். கோத்திருந்த கயிறு அவிழ்ந்திருந்தது.

"அத்தை, இந்த முதல் பக்கத்த எடுத்துட்டா மத்தவங்கெல்லாம் படிக்கலாமா?"

ஐயா, அவிழ்ந்த கயிற்றை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தெய்ஜி எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த சோற்றுக் கிண்ணங்களை மறுபடியும் கழுவினார். ஒரு பிள்ளையின் மனம் புண்படக் கூடாது என்று எடுத்த முடிவு, இருபத்தைந்து பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு அவளே குறுக்கே நிற்பதாக அவளை நம்ப வைத்துவிட்டது. எனக்கு நெஞ்சு எரிகிறது. இதை அரசாங்க மொழியில் எழுத எனக்குத் தெரியவில்லை.

6. கடை விடுமுறையான நேற்று, திங்கட்கிழமை, தலைமையாசிரியர் தொகுமாரு அவர்களைப் பார்த்தேன். தேநீர் வைத்தார், ஆசிரியை நெசுவையும் உடன் அழைத்து உட்காரவைத்தார். ஹொனாமியை நினைத்துத்தான் செய்தோம் என்றார். ஹொனாமியிடம் யாராவது கேட்டீர்களா என்றேன். இல்லை என்றார். எங்களிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க பரவாயில்லன்னு சொன்னீங்கம்மா. ரெண்டு தடவை சொன்னீங்களாம். மனசுல எவ்வளவு வருத்தம் இருந்தா அப்படிச் சொல்வீங்கன்னு பயந்துட்டோம்."

நம் ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே காலை மிதித்தாலும் பரவாயில்லை, கடனைத் தராவிட்டாலும் பரவாயில்லை, முடியை ஒரு விரல் கூடுதலாக வெட்டிவிட்டாலும் பரவாயில்லை. அதனால் ஒருத்தி உண்மையாகவே சொன்னபோது நம்ப ஆள் இல்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியை நெசு அழுதார். அவர் மீதோ தலைமையாசிரியர் மீதோ எந்த நடவடிக்கையும் நான் கோரவில்லை. அறிவிப்பு கொடுத்து நிறுத்தியதைத் தாமாக மறுபடி நடத்த முடியாது, கல்விக் குழுவின் அனுமதி வேண்டும் என்று அவர் சொன்னதால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

7. அவசரத்தின் காரணத்தையும் சொல்ல வேண்டும். இம்மாதம் 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு நிறைவு. ஏப்ரலில் வகுப்புகளைக் கலைத்துப் புதிதாகப் பிரிப்பார்கள். ஆசிரியர்களுக்கு மாற்றல் வரும். இந்த இருபத்தாறு பேரும் இந்த ஆசிரியையும் ஒரே அறையில் மறுபடி இருக்கப்போவதில்லை. பிள்ளைகள் வண்ணப்பெட்டி, நிலநடுக்கம் வந்தால் போட்டுக்கொள்ளும் தலையுறை என்று தினம் ஒன்றாக வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். ஹொனாமி ஒரே நாளில் மேசையைத் துடைத்துக் காலி செய்து எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டாள். 22ஆம் தேதி தனக்கு வயிற்றுவலி வரும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். நாங்கள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை.

ஆகவே தங்களை வேண்டுவது:

அ) 22ஆம் தேதிக்குள் ஏதேனும் ஒரு வகுப்பு நேரத்தில் புத்தக வாசிப்பை நடத்த அனுமதி தர வேண்டும். பெற்றோரை அழைக்க நாள் போதாதென்றால் நாங்கள் வராமலே நடக்கட்டும். கேட்க வேண்டியவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்.

ஆ) இனி வரும் ஆண்டுகளில், புத்தகத்தின் முதல் பக்கம் எதிலிருந்து தொடங்குவது என்பதை அந்தந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். படம் இல்லாத பிள்ளை இவள் ஒருத்தி மட்டும் அல்ல. படம் இருந்தும் காட்ட விரும்பாத பிள்ளையும் இருக்கும். தயவுசெய்து அதனிடமே கேளுங்கள். அது சொல்வதை நம்புங்கள்.

இ) வாசிப்பு நடக்கும் நாளில் ஹொனாமியை முதலில் கூப்பிட வேண்டாம், கடைசியிலும் வேண்டாம். அவளைப் பற்றி முன்னுரை எதுவும் வேண்டாம். வருகைப் பதிவில் அவள் பெயர் எட்டாவது. ஏழாவது பிள்ளை படித்து முடித்து உட்கார்ந்ததும் அவளை எட்டாவதாகக் கூப்பிட்டால் போதும். ஏழாவது பிள்ளைக்கு எவ்வளவு கைதட்டினார்களோ, அவளுக்கும் அவ்வளவே தட்டட்டும்.

முதல் பக்கம் இன்னும் அவள் எடுத்து வைத்தபடி தனியாகத்தான் இருக்கிறது. கயிறு என்னிடம் இருக்கிறது. தங்கள் பதில் வந்த அன்றே கோத்துக் கொடுத்து அவளைப் பள்ளிக்கு அனுப்பக் காத்திருக்கிறேன்.

இடம்: ஹமாசுகி
நாள்: ரெய்வா 6ஆம் ஆண்டு (2024), மார்ச் 12

இப்படிக்கு,
பணிவுடன்,
(கையொப்பம்)
குராமொச்சி மிட்சுயோ