தூங்கும்போது மட்டும் காட்டிய பிள்ளை

திண்டுக்கல்,
புதன் இரவு.

அன்புத் தங்கை சுகன்யாவுக்கு,

அக்கா பவித்ரா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீயும் கொழுந்தனாரும் பாப்பா மலர்விழியும் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை இது சும்மா எழுதுகிற வரி இல்லை என்று கடிதம் முடியும்போது உனக்குத் தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அத்தை என் பக்கத்தில் இருக்கிறார்கள், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். தனியாகப் பேசிவிடலாம் என்று நானே ஒருமுறை மொட்டைமாடிக்குப் போய்க் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும், இன்றைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நம் தெரு ஜெஸ்ஸி லீவு முடிந்து நாளை அங்கே கிளம்புகிறாள். நர்ஸ் என்பதால் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா இந்த வருடம் கத்தரியை விட்டுவிட்டு முருங்கை போட்டிருக்கிறார். தாடிக்கொம்பு பக்கம் ஒரு மழை பெய்தது, செம்பட்டியில் அதுவும் இல்லை. இங்கே உன் மச்சானுக்கு வேலை அப்படியேதான். பார்த்தாயா, இதையெல்லாம் எழுதி நேரத்தைக் கடத்துகிறேன்.

நம் பிள்ளை அழகர் எப்போது பார்த்தாலும் தூங்குமூஞ்சியாக இருக்கிறான் என்று சிரிப்பாயே, அவன் தூங்குமூஞ்சி இல்லை சுகன்யா. நீ பயந்துவிடக் கூடாது என்று அவன் தூங்கும் நேரம் பார்த்துத்தான் உன்னை வீடியோவில் கூப்பிட்டோம். முழித்திருந்தால் அவன் உடம்பு அவன் பேச்சைக் கேட்பதில்லை. கழுத்து பின்னால் வளைகிறது. கைகள் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்கின்றன. ஒரு கிண்ணம் கஞ்சி இறங்குவதற்குள் அவனுக்கும் வேர்த்து எனக்கும் வேர்த்துவிடும். தூங்கிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அப்போது யார் பார்த்தாலும் நல்ல பிள்ளைதான்.

நீ ஊரைவிட்டுக் கிளம்பும்போது உன் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையே, அப்போது உட்கார்ந்துதானே இருந்தான். அதற்கப்புறம் பல் முளைக்கிற சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சலும் இல்லை. நம் வீடுகளில் எப்போதும் செய்வதைத்தான் செய்தோம். வயிற்றைக் காயப்போட்டால் காய்ச்சல் தானாக இறங்கும் என்று அத்தை சொன்னார்கள். பால் கொடுத்தால் செரிக்காது, நெஞ்சில் கட்டும் என்று நம் அம்மாவும் சொன்னார்கள். சீரகத் தண்ணீர் மட்டும் கொடுத்தோம். உனக்கும் எனக்கும் அப்படித்தானே செய்தார்கள், நாம் பிழைக்கவில்லையா? மூன்றாம் நாள் விடிகாலையில் கண் மேலே செருகி உடம்பு துவண்டது. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அவன் உட்கார்ந்ததையும் தவழ்ந்ததையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மூளைக்காய்ச்சல் என்றார்கள், வலிப்பு என்றார்கள், மருந்து மேல் மருந்து கொடுத்துப் பார்த்தோம். குலசாமிக்கு மொட்டை போடாத குறை என்று அத்தை இன்னமும் நம்புகிறார்கள். கடைசியில் மதுரையில் டாக்டர் ஷமா என்பவரிடம் போனோம். அவர் கையையும் காலையும் பார்க்கும் முன்னால் டேப் எடுத்துத் தலையைச் சுற்றி அளந்தார். பிறந்ததிலிருந்தே தலை பெரிதா என்று கேட்டார். ஆமாம், எங்கள் வீட்டில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டு மூளைக்கு ஸ்கேன் எழுதினார்.

அந்த ஸ்கேனுக்குப் பிள்ளை அசையாமல் கிடக்க வேண்டுமாம். அதற்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடுப்பார்கள், இவனுக்குப் பட்டினியே ஆகாது என்று குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே எடுத்தார்கள். அப்போது எனக்கு ஏனென்று புரியவில்லை. மருந்து இறங்க இறங்க அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அத்தனை மாதமாக நான் பிரிக்கப் பார்த்த விரல்கள். வெளியே நின்று மிஷின் கடகடவென்று அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படியே தூங்கட்டும், எழுப்ப வேண்டாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பெற்றவள் நினைக்கக் கூடாததுதான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

படத்தைத் திரையில் காட்டினார் டாக்டர். காதுக்கு மேல் பக்கத்தில் மூளை நிறையாமல் இடைவெளி விட்டிருக்கிறது, தலை பெரிதாக இருந்தும். நடுவில் இரண்டு பக்கமும் சின்னதாக ஓர் இடம். கைகால் எவ்வளவு அசைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து விடுவது அந்த இடம்தானாம். அழகருக்கு அது வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. மற்றபடி அவனுக்கு எல்லாம் புரிகிறது, உங்களையும் தெரிகிறது, உடம்புதான் கேட்காது என்றார். நான் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துச் சொன்னார் போல.

பாலிலும் பருப்பிலும் இருக்கிற புரதத்தில் லைசின் என்று ஒரு பகுதி உண்டு. கல்லூரியில் வேதியியல் பரீட்சைக்கு அந்தப் பெயரை மனப்பாடம் செய்தவள்தான் நான். அதை உடைக்கும் சக்தி அவன் உடம்பில் பிறவியிலேயே இல்லை. காய்ச்சலில் பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே தின்னும், அப்போது அந்த லைசினிலிருந்து வருகிற விஷம் மொத்தமாகச் சேர்ந்து அந்த இடத்தை அழித்துவிடும். போனது போனதுதான், இனி மேற்கொண்டு கெடாமல் பார்க்கலாம் என்றார். உன் மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் டாக்டர் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. சொந்தத்தில் கட்டினதா என்றார். அத்தை மகன் என்றேன். வீட்டில் வேறு குழந்தை உண்டா என்றார். என் தங்கையைத்தான் என் வீட்டுக்காரர் தம்பிக்குக் கொடுத்திருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தக் குழந்தையை உடனே பாக்கச் சொல்லும்மா. இல்லாமலும் இருக்கலாம். ஆனா இருந்துச்சுன்னா, முதல் காய்ச்சலுக்கு முன்னாடி தெரியணும்.”

வெளியே வந்து சொன்னேன், தம்பியிடம் தான் சொல்வதாக உன் மச்சான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அத்தை விடவில்லை. “பச்சப்புள்ளக்காரிட்ட போயி இதச் சொல்லுவியாடா? கேட்ட அன்னைக்கே பால் வத்திப்போகும். அந்தப் பாவம் நமக்கு எதுக்குப்பா?” என்றார்கள். பிரசவத்துக்கு அங்கே வந்து உன்னோடு இருந்த அம்மாவும் அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. சித்திரையில் பாப்பாவுக்கு மொட்டை போட வருவாள், அப்போது பக்குவமாகச் சொல்லலாம் என்று பேசி முடித்தார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பாப்பாவுக்குப் புதுத் தொப்பி போட்டுக் காட்டினாய். ஐந்து மாதப் பிள்ளைக்கு ஒரு வயதுத் தொப்பி வாங்கியும் பத்தவில்லை என்று சொல்லிச் சிரித்தாய். அத்தையும் சிரித்தார்கள், “எங்க வம்சத்துத் தலைடி அது” என்றார்கள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

சித்திரை வரை காய்ச்சல் காத்திருக்குமா?

இத்துடன் டாக்டர் எழுதிய தாளை வைத்திருக்கிறேன். ஜெஸ்ஸிக்கு எல்லாம் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. பிறந்தபோது குதிகாலில் எடுத்த ரத்தத்தில் இதையும் பார்த்தார்களா என்று கேள், பார்த்தோம் என்று வாயால் சொன்னால் விடாதே, மறுபடியும் பார்க்கச் சொல். பதில் வரும்வரை எந்தக் காய்ச்சலுக்கும், வயிற்றுப்போக்குக்கும் பாலை நிறுத்தாதே. குடிக்காவிட்டால் இந்தத் தாளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடு. முன்னாலேயே தெரிந்து, சாப்பாட்டை மாற்றி, மருந்து கொடுத்து, ஓடி விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களாம். டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டுதான் அழகரை மடியில் வைத்திருந்தேன்.

அத்தையைக் கோபித்துக்கொள்ளாதே. மதுரையிலிருந்து வந்த மறுநாள் சமையலறையில் சீரக டப்பாவைக் காணவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டு ரசத்தில் சீரகம் இல்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

உனக்குப் பால் வற்றினால் வற்றட்டும், வேறு பால் கிடைக்கும். நீ என்னைத் திட்டு, ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று கேள், பேசாமல்கூட இரு. பாப்பாவை மட்டும் பசியோடு தூங்க வைக்காதே தாயி. எனக்கு வந்தது என்னோடு நிற்கட்டும். அவள் நடந்து, விழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு உன்னிடம் அழுதுகொண்டு வரட்டும்.

படித்து முடித்ததும் வீடியோவில் கூப்பிடு. எந்த நேரமானாலும் சரி. அழகர் முழித்திருந்தாலும் எடுப்பேன்.

உன் அக்கா,
பவித்ரா